மெய் காட்டும் ஒளி

மெய் என்னும் சொல்லுக்குத் தமிழில் உடம்பு என்றும் உண்மை என்றும் இரு பொருள்கள் உண்டு. உடம்பின் உண்மை நிலையை அறிவதே மருத்துவத்தின் முதற்படியாகும். நோய் இன்னதென்று அறியாமல் கொடுக்கும் மருந்து, இருட்டில் எறிந்த கல்லைப் போன்றது. பட்டாலும் படலாம், படாமலும் போகலாம். ஆயின், உடம்பு தன்னுள் இருப்பதை எளிதிற் காட்டுவதன்று. எலும்பு முறிந்ததோ, நுரையீரல் புண்பட்டதோ, மூளையிற் கட்டி வளர்ந்ததோ, வெளியே நிற்பவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. கத்தியாற் கீறித் திறந்து பார்த்தல் ஒரு வழி. அது சிலபொழுது நோயினும் கொடியதாய் முடியும். கீறாமலும் நோவு தராமலும் உடம்பினுள்ளே நோக்க இயலுமா? இவ்வினாவுக்கு மாந்தர் விடை கண்ட வரலாறு அறியத்தக்கது. அதில் நம் நாட்டார்க்கும் சிறந்த பங்கு உண்டு.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், தேங்காய்ப்பட்டணக் கடற்கரைக்கு அணித்தாக அமைந்த ஊர் புதுக்கடை. பனையும் தென்னையும் செறிந்த நிலப்பகுதி அது. பனையேறிப் பதனீர் இறக்குதலும், தென்னையேறித் தேங்காய் பறித்தலும் அங்குள்ள மக்களின் பழந்தொழில்கள். ஓங்கி வளர்ந்த மரத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் தொழிலாளர் கால் வழுக்கி விழுதலும் உண்டு. முற்காலத்தில் அவ்வாறு விழுந்தவரை உற்றார் கட்டிலிற் கிடத்தி வர்ம ஆசானிடம் தூக்கிச் செல்வர். ஆசான் அடிபட்ட இடத்தை விரல் நுனியால் மெல்லத் தடவுவார். எலும்பு எங்கே விலகியது, எங்கே முறிந்தது என்பதைத் தொட்டே உணர்வார். பின்னர் அதனை நேரே பொருத்தி, எண்ணெயிட்டு, பத்தை வைத்துக் கட்டுவார். விரலே அவருக்குக் கண். தலைமுறை தலைமுறையாகக் கைவந்த அப்பயிற்சி போற்றத்தக்கதே. எனினும் விரலுக்கும் ஓர் எல்லை உண்டு. வீங்கிய தொடையின் ஆழத்தில் உள்ள பிளவையும், முதுகெலும்பின் உட்புறத்து நொறுங்கலையும் விரல் எட்டாது.

அவ்வெல்லையைக் கடக்கும் வழி செருமனி நாட்டிற் பிறந்தது. அந்நாட்டின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியற் பேராசிரியராக விளங்கியவர் வில்கெல்ம் கான்ராட் இராண்ட்ஜன் என்பார். 1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், அவர் தம் ஆய்வறையை இருட்டாக்கி, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்தார். குழாயினின்றும் ஒளி கசியாதவாறு கறுப்புத் தாளால் அதனை மூடியிருந்தார். ஆயினும், சற்றுத் தொலைவில் இருந்த வேதிப்பொருள் பூசிய அட்டை ஒன்று அவ்விருளில் மங்கலாக ஒளிர்வதைக் கண்டார். வேறொருவர் அதனைப் பொருட்படுத்தாது விட்டிருக்கலாம். இராண்ட்ஜன் அவ்வாறு விடவில்லை. ஏழு வாரங்கள் ஊணும் உறக்கமும் குறைத்து, அவ்வொளிர்வின் காரணத்தைத் தேடினார்.

குழாயினின்றும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் சில வெளிப்படுகின்றன என்றும், அவை தாளையும் மரப்பலகையையும் ஊடுருவிச் செல்கின்றன என்றும், ஈயம் அவற்றைத் தடுக்கின்றது என்றும் அவர் கண்டறிந்தார். குழாய்க்கும் அட்டைக்கும் இடையே கையை நீட்டியபொழுது, விரல் எலும்புகளின் நிழல் அட்டையில் விழுந்தது. டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவியாரின் கையைக் கதிர்முன் வைத்து ஒளிப்படத் தகட்டிற் பதிவு செய்தார். தசை மங்கி, எலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்த அப்படம் உலகையே வியப்பில் ஆழ்த்தியது. இயல்பு விளங்காத அக்கதிர்களுக்கு, கணக்கில் அறியாத எண்ணைக் குறிக்கும் எழுத்தையே பெயராக இட்டு எக்ஸ் கதிர்கள் என்றார். இயற்பியலுக்குரிய முதல் நோபல் பரிசு 1901-ஆம் ஆண்டில் அவருக்கே வழங்கப்பெற்றது. தம் கண்டுபிடிப்பு உலகினர் அனைவர்க்கும் உரியது எனக் கருதி, அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை.

எக்ஸ் கதிரும் ஒளியின் இனத்தைச் சேர்ந்ததே; ஆனால் அதன் அலைநீளம் மிகமிகக் குறுகியது. விரைந்து பாயும் மின்னணுக்கள் உலோகத் தகட்டில் மோதித் தடைப்படும்பொழுது அது பிறக்கின்றது. மோதலின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கே கதிராக மாறும், எஞ்சியது வெப்பமாகும். ஆதலால், எளிதில் உருகாத டங்ஸ்டன் உலோகத்தை அத்தகட்டிற்குப் பயன்படுத்துகின்றனர். இக்கதிர் தசையை எளிதிற் கடந்துவிடும். எலும்பிலோ சுண்ணச்சத்து மிகுதியாக இருப்பதால், அது கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். எனவே படத்தில் எலும்பு வெண்மையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும் தோன்றும். வர்ம ஆசானின் விரல் எட்டாத பிளவு, இப்படத்தில் மெல்லிய கீற்றாக வெளிப்படும்.

இக்கருவி சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவியது. 1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டபொழுது, மேரி கியூரி அம்மையார் எக்ஸ் கதிர்க் கருவிகளை உந்துவண்டிகளில் ஏற்றிப் போர்க்களத்தருகே கொண்டு சென்றார். வீரர் உடலில் புதைந்த குண்டுகளின் இருப்பிடத்தை அவை காட்டின. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1934-ஆம் ஆண்டில் பர்னார்டு கதிரியல் நிலையம் தோன்றியது. கதிர்ப்படம் எடுத்தலையும், கதிரால் நோய் தீர்த்தலையும் தென்னாட்டு மருத்துவர் பலர் அங்குப் பயின்றனர்.

எலும்பைக் காட்டிய கதிர், வயிற்றையும் குடலையும் தெளிவாகக் காட்டவில்லை. அவை தசையால் ஆனவை. சூழ்ந்துள்ள தசையினின்றும் அவற்றின் நிழல் வேறுபடுவதில்லை. வயிற்று நோயோ அக்காலத்துத் தென் திருவிதாங்கூரில் மலிந்திருந்தது. புதுக்கடைக்குக் கிழக்கே நெய்யூரில், 1838-ஆம் ஆண்டில் தொடங்கிய இலண்டன் மிஷன் மருத்துவப் பணி நெடுங்காலமாக நடைபெற்று வந்தது. எவரெஸ்ட்டு மலையேற்றக் குழுவில் இடம்பெற்றிருந்த ஆவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் 1922-ஆம் ஆண்டில் அங்கு வந்தார். நோயாளிகள் திரளாகக் காத்திருந்ததையும், மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு மனம் இளகினார். பின்னர், இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வூரிலேயே தங்கித் தொண்டாற்றினார். வயிற்றுப் புண்ணுக்கு அறுவை மருத்துவம் செய்வதில் அவர் பெரும் பெயர் பெற்றார்.

இத்தகைய நோய்களை வயிற்றைத் திறவாமலே அறிய உதவியது பேரியம் என்னும் பொருள். பேரியம் சல்பேட்டு வெண்ணிறப் பொடி; நீரில் கரையாது; எக்ஸ் கதிரைத் தடுக்கும். அதனை நீரிற் கலக்கி நோயாளியைப் பருகச் செய்தால், அது உணவுக்குழாயிலும் வயிற்றிலும் படிந்து அவற்றின் வடிவத்தைப் படத்திற் காட்டும். சுவரிற் பள்ளம் இருப்பின் அதனுள்ளும் பேரியம் தங்கும். புண் இருக்கும் இடம் அவ்வாறு விளங்கும். உடம்பினுள் ஒரு நிறத்தை இட்டு அதன் நிழலைப் பார்ப்பது போன்றது இம்முறை.

ஒளிக்கு இரு குணங்கள் உண்டு; விளக்கு வழியும் காட்டும், கூரையையும் எரிக்கும். எக்ஸ் கதிரின் தீய குணத்தைத் தொடக்கத்தில் எவரும் உணரவில்லை. மருத்துவர்கள் கருவியின் திறனைச் சோதிக்கத் தம் கைகளையே அன்றாடம் கதிர்முன் நீட்டினர். தோல் சிவந்தது; புண்ணாயிற்று; பின் புற்றுநோயாயிற்று. அமெரிக்க நாட்டு எடிசனின் உதவியாளராகிய கிளாரன்சு டாலி, கைகளை வெட்டி நீக்கியும் உய்யாது, 1904-ஆம் ஆண்டில் உயிர் துறந்தார். அதன்பின் எடிசன் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியையே கைவிட்டார். கதிரால் மாண்ட மருத்துவர்க்கும் தொழில்நுணுக்கர்க்கும் 1936-ஆம் ஆண்டில் செருமனியின் ஆம்பர்க்கு நகரில் நினைவுத் தூண் எழுப்பினர். அதில் முதற்கண் பொறித்த பெயர்கள் 169. பிறர் உடம்பின் மெய்யறிய முயன்று, தம் மெய்யை இழந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் இறப்பு வீண் போகவில்லை. 'குறைந்த கதிரால் நிறைந்த படம்' என்பதே அதன்பின் அறிவியலாரின் குறிக்கோளாயிற்று. எக்ஸ் கதிரில் மிகச் சிறு பகுதியையே படச்சுருள் நேரே ஏற்கும். எனவே, கதிர் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உமிழும் திரைகளைப் படச்சுருளின் இருபுறமும் வைத்தனர். அவ்வொளி படத்தை விரைந்து பதிவித்தது. கால்சியம் டங்ஸ்டேட்டு என்னும் பொருளே நெடுங்காலம் அத்திரைகளுக்குப் பயன்பட்டது. 1970-க்குப் பின் காடோலினியம், இலாந்தனம் முதலிய அருமண் தனிமங்களால் ஆன திரைகள் வந்தன. அவை பழைய திரைகளைவிடப் பன்மடங்கு திறமாகக் கதிரை ஒளியாக்கின. அதனால் நோயாளியின் மேற்படும் கதிரின் அளவு பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்தது.

அருமண் என்னும் பெயரைக் கேட்டுத் தொலைதூர நாட்டுப் பொருள் என எண்ணுதல் வேண்டா. புதுக்கடைக்குத் தென்கிழக்கே கடற்கரையோரமாக உள்ள மணவாளக்குறிச்சியின் மணலில், மோனசைட்டு என்னும் கனிமம் கலந்திருக்கின்றது. சாம்பர்க்கு என்னும் செருமானிய வேதியியலார் 1909-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். சீரியம், இலாந்தனம், நியோடிமியம், சிறிதளவு காடோலினியம் ஆகிய அருமண் தனிமங்களும், தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமமும் அக்கனிமத்தில் அடங்கியுள்ளன. தோரியத்தை அந்நாளில் பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் வலைத்திரிக்குப் பயன்படுத்தினர்.

இத்தோரியத்தால் மருத்துவ உலகம் ஒரு கசப்பான பாடமும் கற்றது. எக்ஸ் கதிரை நன்கு தடுப்பதால், இரத்தக் குழாய்களைப் படம் எடுப்பதற்கெனத் தோரியம் ஆக்சைடு கலந்த மருந்தை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகள் முதல் மேனாட்டார் உடம்பில் செலுத்தினர். படம் மிகத் தெளிவாக அமைந்தது. ஆனால், பேரியத்தைப்போல் அது வெளியேறவில்லை. கல்லீரலில் தங்கி, ஆண்டுக்கணக்கில் கதிர்வீசியது. பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரற் புற்றாக அது தலைகாட்டியது. ஒரே மணலில் நலம் செய்யும் பொருளும் தீமை செய்யும் பொருளும் கலந்திருத்தல் போல, ஒரே அறிவில் நன்மையும் தீமையும் கலந்திருக்கும். ஆய்ந்து பிரித்தெடுப்பது மாந்தர் கடமை.

எக்ஸ் கதிர்ப்படத்தில் மற்றொரு குறையும் எஞ்சியது. அது நிழற்படம், முன்னும் பின்னும் உள்ள உறுப்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மண்டையோட்டின் தடித்த நிழலுள் மூளை முழுவதும் மறைந்துபோகும். ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் நின்று நோக்குவோர்க்கு முன்வரிசை மரம் பின்வரிசை மரத்தை மறைக்கும். நடுவில் உள்ள கிணறு தெரியாது. தோப்பைச் சுற்றி நடந்து, பல பக்கங்களிலிருந்தும் பார்த்தாலோ, எந்த மரம் எங்கு உள்ளது என்பதைத் தாளில் வரைந்துவிடலாம். உடம்பையும் அவ்வாறே சுற்றிலும் நின்று நோக்கினால் என்ன என்னும் எண்ணம் சிலர்க்கு உதித்தது.

அதற்குக் கணக்கு வேண்டும். அதனை ஓர் எளிய விளையாட்டால் உணரலாம். நான்கு கட்டங்களில் நான்கு எண்கள் மறைந்துள்ளன எனக் கொள்க. மேல்வரிசையின் கூட்டுத்தொகை 8; கீழ்வரிசையின் கூட்டுத்தொகை 9; இடப்பத்தியின் கூட்டுத்தொகை 5; வலப்பத்தியின் கூட்டுத்தொகை 12. மறைந்த எண்கள் யாவை? மேலே 3, 5 என்றும் கீழே 2, 7 என்றும் கூறலாம். மேலே 4, 4 என்றும் கீழே 1, 8 என்றும் கூறினும் பொருந்தும். இடப்பக்க மேல்மூலையையும் வலப்பக்கக் கீழ்மூலையையும் இணைக்கும் சாய்வரியின் தொகை 10 எனத் தெரிந்தால், முதல் விடையே சரி என்பது உறுதியாகும். இரு திசைகளில் நோக்கித் தெளியாதது, மூன்றாம் திசையில் நோக்கியதும் தெளிந்தது. உடம்பின் ஒரு குறுக்குத் தளத்தை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகக் கொண்டால், அதன் ஊடே செல்லும் ஒவ்வொரு கதிரும் ஒரு கூட்டுத்தொகையைத் தருகின்றது. நூற்றுக்கணக்கான திசைகளில் அத்தொகைகளை அளந்து, மறைந்த எண்களை மீட்க வேண்டும்.

இவ்வகைக் கணக்குக்கு விடை உண்டு என்பதை ஆஸ்திரிய நாட்டுக் கணித அறிஞர் இராடன் 1917-ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். அதனை அறியாமலே, தென்னாப்பிரிக்காவிற் பிறந்த ஆலன் கார்மாக்கு தம் போக்கில் ஆராய்ந்து 1963, 1964-ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். இங்கிலாந்தில் காட்பிரே அவுன்சுபீல்டு என்னும் பொறியியலார் கருவியையே உருவாக்கினார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டனை அடுத்த விம்பிள்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில் அக்கருவியால் ஒரு பெண்மணியின் மூளை படமெடுக்கப்பட்டது. மண்டையைத் திறவாமலே மூளையில் இருந்த கட்டி தெரிந்தது. அக்கருவி ஒரு தளத்தைக் காண, 180 திசைகளில் திசைக்கு 160 ஆக, 28,800 அளவீடுகளை எடுத்தது. சி.டி. ஸ்கேன் என்று மக்கள் இன்று வழங்கும் கருவி இதுவே. கார்மாக்கும் அவுன்சுபீல்டும் 1979-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இக்கருவி முதல் நோயாளியைக் கண்டதற்கு முந்திய திங்களில், செப்டம்பர் 1971-இல், அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் இதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. கதிர்ப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மீட்டெடுக்கும் புதுக்கணக்கு முறையை அது விளக்கியது. அதனை எழுதியவர்கள் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தைச் சேர்ந்த கோ. நா. இராமச்சந்திரனும், அ. வெ. இலட்சுமிநாராயணனும் ஆவர்.

இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், தமிழ்க் குடும்பமொன்றில் எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பெங்களூரில் மின்பொறியியல் கற்கச் சென்றவர், சர் சி. வி. இராமனின் மாணவராகி இயற்பியலுக்கே மாறினார். கேம்பிரிட்ஜில் மேற்படிப்பை முடித்துத் திரும்பிய அவர், 1952-ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்புமுன்பே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியற் பேராசிரியரானார். துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் அவரை ஊக்கினார். தோலுக்கும் தசைநாணுக்கும் வலிமை தரும் கொலாசன் என்னும் புரதத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, அது மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954-ஆம் ஆண்டில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார். கயிறு திரிக்கும் கடற்கரை மக்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

கண்ணுக்கெட்டாத மூலக்கூற்றின் வடிவைக் கதிரின் தடங்களைக் கொண்டு கணிப்பதில் பழகிய அவ்வறிஞர்க்கு, உடம்பின் உள்வடிவை நிழல்களிலிருந்து கணிப்பது முற்றிலும் புதிய துறையன்று. அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு இது: ஒவ்வொரு கதிரின் அளவீட்டையும், அது வந்த வழியே திரும்பப் பரப்பினால் ஒருவாறு படம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மங்கல் படியும். பனிமூட்டத்தில் எரியும் விளக்கைப்போலப் படம் கலங்கும். அக்கலக்கத்தை நீக்க அந்நாளில் வழங்கிய ஃபூரியர் முறை, கணிப்பொறிக்குப் பெருஞ்சுமையாக இருந்தது.

இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் காட்டிய வழி எளிமையானது. அளவீடுகளைப் பரப்புவதற்கு முன்பே அவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றனர். ஒவ்வோர் அளவீட்டையும் எடுத்து, அதன் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள அளவீடுகளில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அருகில் உள்ளதில் மிகுதியாகவும், தொலைவு கூடக்கூட மிகக் குறைவாகவும் கழிக்க வேண்டும். இவ்வாறு திருத்திப் பரப்பினால், பின்வரும் மங்கல் முன்பே கழிந்துவிடும், படம் தெளியும். முறத்தில் இட்டுப் புடைத்தபின் அரிசியை உலையில் இடுவது போன்றது இது. கூட்டல், பெருக்கல், கழித்தல் என்னும் எளிய செயல்களே போதும். கணிப்பொறியின் வேலையும் குறையும். வானொலி அலைகளால் வானை ஆராய்வோர் இதையொத்த முறை ஒன்றை 1967-ஆம் ஆண்டில் கண்டிருந்தனர். கதிர்ப்படத்துக்கு அம்முறையின் பயனைத் தெளிவாக எடுத்துக்காட்டிய பெருமை இவ்விருவருக்கும் உரியது.

பின்னர் வந்த சி.டி. கருவிகள் இவ்வகைக் கணக்கை மேற்கொண்டன. பிறர் அதனைப் பலவாறு திருத்தினர். எனினும், அதற்குரிய சல்லடைக்கு இவ்விருவர் பெயர்களின் முதற்பகுதிகளை இணைத்து 'இராம்–லாக் வடிகட்டி' என்றே உலகெங்கும் மாணவர் இன்றும் படிக்கின்றனர். நோபல் பரிசு அவர்களுக்குக் கிட்டவில்லை. இராமச்சந்திரன் 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார். அவர் வகுத்த வழியோ வாழ்கின்றது. கணக்கைக் கொண்டு செய்த சிந்தனையும், உயிர் காக்கும் கருவியின் உறுப்பாகலாம் என்பதற்கு இது சான்று.

எக்ஸ் கதிரை வெளியிலிருந்து உடம்பினுள் செலுத்தியே படம் எடுக்க வேண்டும். உடம்பு தானே வீசும் கதிரும் ஒன்று உண்டு. நீறுபூத்த நெருப்பைக் கண் காண்பதில்லை. அருகே நீட்டிய கை அதன் வெம்மையை உணர்கின்றது. அவ்வெம்மையைக் கொண்டுவரும் கண்காணாக் கதிரே அகச்சிவப்புக் கதிராகும். யுரேனசுக் கோளைக் கண்டறிந்த வில்லியம் எர்செல், 1800-ஆம் ஆண்டில் இதனைக் கண்டார். முப்பட்டைக் கண்ணாடியால் கதிரவன் ஒளியை ஏழு நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், எந்நிறமும் தெரியாத இடத்தில் வெப்பமானி மேலும் உயர்ந்தது. கண்ணுக்குப் புலனாகாத ஒளி அங்கு விழுவதை அவர் உணர்ந்தார்.

மாந்தர் உடம்பும் தன் வெம்மைக்கேற்ப இக்கதிரை இடைவிடாது வீசுகின்றது. இரத்தம் மிகுதியாக ஓடும் இடத்தில் தோலின் வெப்பம் சற்றே கூடும். புற்றுக்கட்டி தன் வளர்ச்சிக்காக இரத்தத்தை மிகுதியாக இழுத்துக்கொள்வதால், அதன் மேலுள்ள தோலும் சூடேறக்கூடும். 1956-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர் லாசன், மார்பகப் புற்றுநோயில் இவ்வேறுபாட்டைக் கண்டு எழுதினார். அகச்சிவப்புப் படக்கருவி வெப்பத்தின் ஏற்றத்தாழ்வை நிறங்களாக மாற்றிக் காட்டும். பெங்களூரில் கீதா மஞ்சுநாத் 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் ஒன்று, இத்தகைய வெப்பப்படங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆராயும் முறையை உருவாக்கியுள்ளது.

இம்முறையில் உடம்பைத் தொட வேண்டுவதில்லை. கதிர் செலுத்த வேண்டுவதுமில்லை. எனினும் இதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். தோலின் வெப்பத்தை இது காட்டுமே அன்றி, ஆழத்தில் உள்ள உறுப்பை நேரே காட்டாது. சிறு காயமும் வீக்கமும்கூட வெப்பத்தைக் கூட்டும். ஆதலால், மார்பக எக்ஸ் கதிர்ப்படத்துக்கு மாற்றாக வெப்பப்படத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது. நோயை உறுதி செய்ய வேறு ஆய்வுகள் வேண்டும்.

அகச்சிவப்புக்கு வேறு பணிகளும் உண்டு. சிவப்பை அடுத்த அகச்சிவப்பு ஒளி, தோலைச் சிறிது ஆழம் கடந்து செல்லும். சிரையில் ஓடும் இரத்தம் அதனை உறிஞ்சும். இதனைக் கொண்டு சிரைகளைத் தோலின்மேல் கோடுகளாகக் காட்டும் கருவி உள்ளது. ஊசி குத்துவதற்குச் சிரை தேடித் துன்புறும் குழந்தைகளுக்கு அது பெருந்துணை. ஜப்பானியர் அயோயாகி 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையை ஒட்டி, சிவப்பும் அகச்சிவப்புமாகிய இரு ஒளிகளை விரலினூடே செலுத்தி, இரத்தத்தில் உயிர்வளியின் அளவை அறியும் சிறு கருவி வந்தது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபொழுது, சிற்றூர்களிலும் பலர் அதனை விரலில் மாட்டிப் பார்த்தனர்.

இன்று படச்சுருளின் இடத்தைப் பெரும்பாலும் மின்னணுத் தகடுகள் பிடித்துள்ளன. சி.டி. படம் மருத்துவமனைகளில் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. அதனால் ஒரு புதிய கடமையும் பிறந்துள்ளது. சி.டி. படத்துக்குச் செலவாகும் கதிர், மார்பின் எளிய எக்ஸ் கதிர்ப்படத்துக்குரியதைவிடப் பன்மடங்கு மிகுதி. மருத்துவர் வேண்டும் என்றால் அதனை மறுத்தல் அறியாமை. வேண்டா என்றபின்னும் வற்புறுத்திக் கேட்டல் அதனினும் அறியாமை. கருவுற்ற பெண்டிர் தம் நிலையை முன்னரே தெரிவித்தல் இன்றியமையாதது.

மங்கலாக ஒளிர்ந்த அட்டையைப் புறக்கணியாத கண்ணும், பிறர் நோய் தீரத் தம் கையை இழந்த துணிவும், நிழலின் கலக்கத்தைக் கணக்கால் தெளிவித்த அறிவும் ஒன்றுகூடியே இவ்வொளியை மருத்துவர் கையில் தந்தன. மரத்திலிருந்து விழுந்த தொழிலாளி ஒருவர், முறிந்த எலும்பு சீராகப் பொருந்தி மீண்டும் பனையேறுகின்றார் என்றால், அவரைத் தூக்கி நிறுத்திய கைகளுள் வூர்ட்ஸ்பர்க்கின் கையும் உண்டு. தலையில் அடிபட்டவர் உரிய காலத்தில் உயிர் பிழைத்தார் என்றால், அதில் பெங்களூரின் கணக்கும் உண்டு. உடம்பாகிய மெய்யைக் காக்க, உண்மையாகிய மெய்யைத் தேடுவோர் என்றும் வேண்டும். அப்பணி இன்னும் முடியவில்லை.